துடைக்காத பிளக்

“இன்ஜின்ல பவர் பத்தலீங்க்கா,” என்றார் சென்னியப்பன்.

பிலோமினா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பழைய பைக் சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் வாசலிலேயே நின்றார். தோளில் ஒரு சாக்கு. சாக்குக்குள் ரேஸ் கார்ட்டின் இன்ஜின், பாகம் பாகமாக. இந்தக் கடைக்கு அவர் வந்து இரண்டு வருடம் ஆகிறது.

“உள்ளே வந்து சொல்லு. அங்க நின்னு வெளிச்சத்தை மறைக்கறே.”

உள்ளே வந்தார். சாக்கை இறக்கினார். முதுகு நிமிர நேரம் பிடித்தது.

கணபதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த போரிங் கடை. சிலிண்டர் குடைவதும், பெட்ரோலும் புகையும் போய்வர அதிலிருக்கும் போர்ட் என்ற துளைகளை அரைத்துக் கொடுப்பதும்தான் தொழில். ஆனால் தரையை ஒட்டி ஓடும் கார்ட் வண்டிகளின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு ஓசூரிலிருந்தும் ஆள் வருவார்கள். எல்லோருக்கும் பிலோமினா அக்கா. அவருக்கு அறுபத்து மூன்று வயது. அவரிடம் பதினோரு வருடம் வேலை கற்றவர் சென்னியப்பன். அவருக்கு ஐம்பத்தாறு.

“எந்த இன்ஜின்?”

“பழையதுதானுங்க்கா. நீங்க போர்ட் அரைச்சது.”

“ஓஹோ.”

சென்னியப்பனே பேசினார்.

“ஞாயித்துக்கிழமை இந்த வருசத்துக் கடைசி ரேஸு. தாரணி முதல் மூணு பேர்ல வந்துட்டா, மெட்ராஸ் டீம் ஒண்ணு அவளை எடுத்துக்கறேன்னிருக்கு. வண்டி, இன்ஜின், டயர் எல்லாம் அவங்களுது. அப்புறம் நான் இப்படிச் சாக்கைத் தூக்கிட்டுத் திரிய வேண்டாம்.”

“இப்ப எத்தனாவது வர்றா உன் பொண்ணு?”

“ஏழு. எட்டு. வளைவுல எல்லாத்தையும் அவ புடிச்சர்றாளுங்க்கா. நேர் ரோட்டுல வந்தா ஒவ்வொருத்தனும் அவளைத் தாண்டிப் போறான்.”

“யாரு குத்தம்?”

அது சென்னியப்பனிடம் கேட்கக் கூடாத கேள்வி.

இன்ஜினை விற்ற பெங்களூர்க்காரன் ஏமாற்றிவிட்டான். பங்க்கில் பெட்ரோலில் என்னமோ கலக்குகிறார்கள். தாரணியோடு போட்டியில் ஓட்டும் ஸ்ரீதரன் மகனுக்கு மூன்று இன்ஜின். டிராக் அதிகாரிகள் ஸ்ரீதரன் கொடுக்கும் காபியைக் குடிக்கிறார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் வண்டிச் செயின் இரவல் வாங்கிப் போன ஒருவன் இன்னும் திருப்பித் தரவில்லை.

“செயினுக்கும் பவருக்கும் என்னப்பா?”

“மனசு விட்டுப் போகுமுங்களா இல்லீங்களா?”

அக்கா தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, போ என்றா, தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததை மட்டும் சென்னியப்பன் சொல்லவில்லை.

அன்று இதே இன்ஜின், நேர் ரோட்டின் கடைசியில், முழு வேகத்தில் இறுகிப் பிடித்தது. பின் சக்கரங்கள் நின்றன. வண்டி சுழன்று போய் டயர் சுவரில் மோதியது. தாரணிக்கு அப்போது பதினைந்து வயது. காறை எலும்பு உடைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இந்தக் கடைக்கு வந்தார் சென்னியப்பன். நாலு பேர் முன்னால், இன்ஜினிலிருந்து கழட்டிய ஸ்பார்க் பிளக்கை மேஜைமேல் எறிந்தார்.

“நீங்க அரைச்ச போர்ட்டுதான் என் பொண்ணு எலும்பை ஒடைச்சது.”

அக்கா தன் வேலையைத் தொடர்ந்தார்.

அதற்குப் பிறகு அந்த இன்ஜின் மூன்று பேர் கைக்குப் போனது. ஒருவர் சிலிண்டரின் மூடியான ஹெட்டை இழைத்தார். ஒருவர் பிஸ்டனை வெட்டினார். ஒருவர் புகைக்குழாயை நீட்டினார். மூன்று பேரும் பவர் ஏறிவிட்டது என்றார்கள். நேர் ரோட்டில் ஏறவில்லை.

“நான் என்ன பண்ணணும்?” என்றார் அக்கா.

“புகை போற எக்ஸாஸ்ட் போர்ட்டை ஒரு மில்லி மேலே ஏத்திக் குடுங்க. உங்களைத் தவிர யாரு ஏத்தினாலும் போயிரும்.”

அக்கா சாக்கைப் பிரித்தார். பிஸ்டனை எடுத்தார். அது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. ஹெட்டை எடுத்தார். அதிலும் முகம் தெரிந்தது. பிளக் புத்தம் புதிது.

“யாரு தேச்சது?”

“நான்தானுங்க. காலையிலிருந்து மூணு மணி நேரம். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, பிரஷ் போட்டு…”

“எதுக்கு?”

“கரியோட எப்படிங்க உங்ககிட்டக் கொண்டு வர்றது?”

அக்கா பிஸ்டனைச் சாக்கில் போட்டார். ஹெட்டைப் போட்டார். சாக்கின் வாயைச் சுருட்டினார்.

“நாக்கை வழிச்சுட்டு டாக்டர்கிட்டப் போய் நாக்கைக் காட்டறே.”

“அக்கா…”

“மாட்டு. ஓட்டச் சொல்லு. நேர் ரோட்டுக் கடைசியில, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சிருக்கறப்பவே சுவிட்சை அணைக்கணும். அணைச்சா அணைச்சதுதான். மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது. தள்ளிட்டு வந்து பிளக்கைக் கழட்டு. கொண்டு வா.”

“அவ்வளவுதானுங்களா?”

“துடைக்காம கொண்டு வா.”

*

டிராக் ஊருக்கு வெளியே இருந்தது. மதியம். நிழல் என்று ஒன்று கிடையாது. வாய்ப்புக் கொடுக்க வரும் டீம்காரர்களுக்கு மட்டும் ஒரு ஷெட் போட்டிருந்தார்கள். அன்று அதுவும் பூட்டியிருந்தது.

தாரணி ஐந்து சுற்று ஓட்டினாள். வளைவுகளில் இன்ஜின் நன்றாகப் பேசியது. நேர் ரோட்டின் பாதியைத் தாண்டியதும் தொண்டை கட்டிக்கொண்டது. கரகரவென்று இழுத்தது.

அவள் நேர் ரோட்டின் கடைசிக்கு வரும்போதெல்லாம் சென்னியப்பன் குனிந்து கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். வளைவு தாண்டிய சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

ஆறாவது சுற்றில் சுவிட்சை அணைத்தாள். வண்டி கொஞ்ச தூரம் உருண்டு நின்றது.

சென்னியப்பன் நடந்து போய்ச் சேர்ந்தார். இருவரும் தள்ளினார்கள். கார்ட் வண்டி பார்ப்பதற்குச் சின்னது. தள்ளுகிறவருக்குத்தான் அதன் எடை தெரியும்.

“ஏம்ப்பா, அக்கா நம்மளை வேணும்னே தள்ள விடறாங்களா?”

“விடுவாங்க. அவங்களுக்கு எம்மேல பழைய கோபம்.”

“அவங்களுக்கா, உங்களுக்கா?”

“தள்ளு.”

ஷெட் ஓரம் வந்ததும் பிளக்கைக் கழட்டினார். சுட்டது. இடுப்பில் சொருகியிருந்த வேஸ்ட் துணியால் பிடித்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். துணியை எடுத்தபோது பிளக் சுத்தமாக இருந்தது.

“அப்பா!”

சென்னியப்பன் கையைப் பார்த்தார்.

“முப்பத்தெட்டு வருசப் பழக்கம். கை தானா துடைக்குது.”

தாரணி சிரித்தாள். வேறு பிளக் மாட்டினார்கள். மறுபடி ஓட்டினாள். மறுபடி அணைத்தாள். மறுபடி தள்ளினார்கள். இந்த முறை இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார் சென்னியப்பன்.

கழட்டினார். பிளக்கை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு துணியை எடுத்துத் துடைத்தார்.

இந்த முறை தாரணி சிரிக்கவில்லை.

“பழக்கமாப்பா?”

அவர் துணியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அவள் பெட்டியிலிருந்து இன்னொரு பிளக்கை எடுத்துத் தானே மாட்டினாள். ஹெல்மெட்டை மாட்டுமுன் சொன்னாள்.

“நான் அந்தக் கடைசியில வர்றப்ப எல்லாம் உங்க வழுக்கைதான் தெரியுது. ரெண்டு வருசமா உங்க மூஞ்சியைப் பார்த்ததே இல்லை.”

“டைம் பார்க்கறேன்.”

“அங்கே என்ன டைம்? டைம் எடுக்கற கோடு இங்கேதானே இருக்கு.”

மூன்றாவது முறையும் தள்ளினார்கள். தாரணியே பிளக்கைக் கழட்டினாள். தன் கையுறைக்குள் போட்டு, கையுறையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நானே அக்காகிட்டக் குடுத்துக்கறேன்.”

*

அடுத்த நாள் கடையில் கூட்டம் இல்லை. தாரணி கையுறையைக் கவிழ்த்தாள். பிளக் மேஜையில் உருண்டு நின்றது.

கறுப்பு. ஈரக் கறுப்பு. முனையில் எண்ணெய் கசிந்து மேஜையில் ஒரு பொட்டு வைத்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்தார். அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒரு பழைய பிளக்கை எடுத்து, கறுப்புப் பிளக்கின் பக்கத்தில் வைத்தார்.

அது வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. முனையில் மணல் மாதிரி உலோகப் பொடி உருகி ஒட்டியிருந்தது. அது பிஸ்டனின் பொடி.

சென்னியப்பனுக்குத் தெரிந்துவிட்டது.

“இதை இன்னும் வெச்சிருக்கீங்களா?”

“நீதானே வெச்சுட்டுப் போனே.”

“எறிஞ்சுட்டுப் போனேன்.”

“உருண்டுச்சு. எடுத்து வெச்சேன்.”

டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பிளக்கில்தான் பேசும். பெட்ரோல் குறைந்தால் பிளக் வெளுக்கும். வண்டி நன்றாகப் பறக்கும், பறந்துகொண்டிருக்கும்போதே இன்ஜின் சூடேறி இறுகிவிடும். பெட்ரோல் கூடினால் கறுக்கும். இன்ஜினுக்கு ஒரு ஆபத்தும் வராது, வேகமும் வராது. நடுவில் ஒரு நிறம் இருக்கிறது. வறுத்த கொத்தமல்லி நிறம். எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்வது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு பித்தளைத் துளை. அதற்கு ஜெட் என்று பெயர். எண் பெரிதானால் துளை பெரிது.

இது சென்னியப்பனுக்குத் தெரியாததல்ல. அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

“அன்னிக்கு என்ன ஜெட் போட்டே?” என்றார் அக்கா.

சென்னியப்பன் தாரணியைப் பார்த்தார்.

“இவளை வெளியே…”

“அன்னிக்கு என்ன ஜெட்?”

வெளியே ஒரு ஆட்டோ போய் முடியும்வரை காத்திருந்தார்.

“நூத்தி இருபத்தெட்டு.”

“நான் என்ன போடச் சொன்னேன்?”

“நூத்தி முப்பத்து நாலு.”

“இப்ப என்ன போட்டிருக்கே?”

“நூத்தி நாப்பத்திரெண்டு.”

அக்கா இரண்டு பிளக்குகளையும் அவர் பக்கம் தள்ளினார்.

“ரெண்டுக்கும் ஒரே ஆளு.”

சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“ஒரு அரை செகண்டு கிடைக்கும்னு பார்த்தேன்,” என்றார். “ஸ்ரீதரன் மவன் முன்னால போயிட்டே இருந்தான். ஆறு நம்பர் குறைச்சேன். யாருக்கும் தெரியாம.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் தாரணி.

அவர் நிமிர்ந்தார்.

“நீங்க ஜெட்டை மாத்தினப்ப நான் வண்டிக்கு அந்தப் பக்கம் ஷூ கட்டிட்டிருந்தேன். ரெண்டு ஜெட்டையும் சட்டைப் பையில போட்டுத் தடவித் தடவிப் பார்த்தீங்க.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா மறுபடி ஸ்பானர் தொட்டிருப்பீங்களா?”

“இப்ப நாப்பத்திரெண்டு போட்டிருக்கறதும்…”

“சத்தத்துலயே தெரியுதேப்பா. வண்டிக்குச் சளி புடிச்ச மாதிரி இருக்கு.”

“தெரிஞ்சும் ரெண்டு வருசம் ஏழாவது எட்டாவது வந்துட்டிருந்தியா?”

“நீங்க ராத்திரியில தூங்க ஆரம்பிச்சீங்க. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அக்கா எழுந்து போய்க் கையைக் கழுவினார். அவ்வளவு நேரம் கழுவ அந்தக் கையில் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்ததும் சென்னியப்பன் எழுந்து நின்றார்.

“அக்கா. அன்னிக்கு நாலு பேர் முன்னாடி நான் சொன்னது…”

“விடு.”

“இல்லீங்க்கா, அதை நான்…”

“அதையும் துடைக்காதே. அது அங்கேயே கிடக்கட்டும்.”

அவர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சின்னக் குரலில் கேட்டார்.

“அப்ப போர்ட்டை ஏத்த வேண்டாமுங்களா?”

“இதுக்கா?” அக்கா கறுப்புப் பிளக்கைச் சுண்டினார். “இருக்கிற பவரையே நீ ஓட விடலை.”

“எந்த ஜெட் போடறதுங்க?”

“வண்டியில உக்கார்றது நானா?”

சென்னியப்பன் மகள் பக்கம் திரும்பினார். பதினோரு வயதிலிருந்து ஓட்டுகிறாள். அவளிடம் அவர் இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

“எத்தனை போடட்டும்?”

“அக்கா சொன்னதையே போடுங்க. முப்பத்து நாலு.”

“நீயே போட்டுரு.”

“நீங்கதான் போடணும்.”

*

ஞாயிற்றுக்கிழமை. ரேஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. சென்னியப்பன் கார்புரேட்டரைக் கழட்டி வைத்திருந்தார். சட்டைப் பையில் மூன்று ஜெட்டுகள். தடவித் தடவி ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து எண்ணைப் படித்தார். மறுபடி படித்தார்.

தாரணி அவரைப் பார்த்தாள்.

பிறகு திரும்பி, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

“எந்த நம்பர்னு பார்க்கலையா?” என்றார்.

“இல்லை,” என்றாள். ஹெல்மெட்டை மாட்டினாள்.

*

திங்கட்கிழமை காலை சென்னியப்பன் தனியாக வந்தார். கடைக்கு வெளியே பழைய மொபெட்டை நிறுத்தினார். உள்ளே வந்து ஒரு நோட்டுத்தாள் பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

அக்கா பிரித்தார்.

வறுத்த கொத்தமல்லி நிறம். தாளில்கூடக் கரி ஒட்டவில்லை.

“எத்தனாவது வந்தா?”

“நாலாவது.”

“ம்.”

“மூணாவது வந்த வண்டிக்கும் இவளுக்கும் ஒரு முழம் இருக்காதுங்க்கா.”

“மெட்ராஸ் டீமு?”

“அடுத்த வருசம் பார்க்கலாம்னுட்டாங்க. ஷெட்டுக்குள்ளேயிருந்தே சொன்னாங்க. வெளியே வந்து சொல்றதுக்குக்கூட வெயிலு சுட்டிருக்கும்போல.”

“அவங்க பேரையும் எழுதி வெச்சுக்கிட்டியா?”

“மனசுலதான். வெச்சுக்கத்தானுங்க செய்வேன்.”

அக்கா சிரித்தார். சென்னியப்பன் சிரிக்கவில்லை. உட்கார்ந்தார். வெளியே சந்தில் யாரோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“அழுதாளா?”

“இல்லைங்க. பசிக்குதுன்னா. ரெண்டு பரோட்டா தின்னா. அப்புறம் ஒண்ணு சொன்னா.”

“என்ன?”

சென்னியப்பன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

“பதினெட்டுச் சுத்துலயும் என் மூஞ்சி தெரிஞ்சுதாம்.”

அக்கா பொட்டலத்திலிருந்த பிளக்கை எடுத்தார். இழுப்பறையைத் திறந்தார். மற்ற இரண்டு பிளக்குகளும் உள்ளே கிடந்தன. அவற்றின் பக்கத்தில் போட்டு மூடினார்.

பிறகு சுவரில் தொங்கிய, போர்ட் அரைக்கும் கிரைண்டரை இறக்கினார். வயரில் படிந்திருந்த தூசியை ஊதினார்.

“சாக்கு எங்கே?”

“மொபெட்டுல இருக்குதுங்க்கா.”

“இன்ஜினைக் கழுவுனியா?”

“இல்லீங்க.”

“எடுத்துட்டு வா.”